கிடைத்த நாளும் போட்ட நாளும்

“கவர் எங்க?”

வந்தவர் உட்காருவதற்குள் அந்த அம்மா கேட்டுவிடுகிறார். உத்தரவுக் காகிதத்தை நீட்டினால் வாங்க மாட்டார். அது வந்த உறைதான் முதலில் வேண்டும். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று யாராவது சொல்லிவிட்டால், தன் வீட்டிலேயே திருட்டுப் போனதுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். உறை இருந்தால் அதன் தபால் முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “கையில வாங்கினது யாரு? நீங்களா, வீட்டுல வேற யாராச்சுமா? அன்னிக்கே வாங்கினீங்களா, மறுநாளா?” என்று ஒரே கேள்வியை மூன்று பக்கத்திலிருந்தும் கேட்பார். பிறகுதான் கட்டைவிரல் விரல் கணுக்களின் மேல் நடக்கத் தொடங்கும். விரலுக்கு மூன்று கணு. கட்டைவிரலுக்கும் மூன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டால் இரண்டு கைக்கும் சேர்த்து முப்பது. மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் கெடுவும் முப்பது நாள்தான். கடவுளும் அரசாங்கமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததுபோல் இருக்கும்.

மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் மனு தட்டச்சு செய்து கொடுக்கிறார். வயது அறுபத்தொன்று. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, படமே இல்லாத ஒரு நாட்காட்டி. தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்து வருடங்கள் ஆகியும், ஒவ்வொரு வரி முடியும்போதும் இடது கை காற்றில் எதையோ தள்ளிவிடுகிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘நாள்காரம்மா’. பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்பவர் மட்டும் ‘காலண்டர்’ என்பார், அதுவும் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

நான் அவரிடம் முதலில் போனது இந்தப் பத்திரிகைக்கு எழுதுவதற்காக அல்ல. என் வீட்டு மொட்டை மாடியில் எழுப்பிய ஓர் அறையை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. கெடு முடிய எட்டு நாள் இருக்கிறது என்று நிதானமாகப் போய் உட்கார்ந்தேன். அம்மா கணுக்களைத் தொட்டுவிட்டு, “நாலு நாள்” என்றார்.

“இல்லம்மா, நான் லீவு நாளெல்லாம் கழிச்சு...”

“அதான் சார் எல்லாரும் பண்றது. சட்டத்துக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும், நீங்கதான் தூங்கிட்டீங்க.”

படித்தவன் என்ற என் திமிர் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நமக்கெல்லாம் நாள் என்றால் காலையில் வந்து மாலையில் போவது. அவருக்கு அப்படியில்லை. உத்தரவு போட்ட நாளை அவர் மதிப்பதே இல்லை. “அவன் எப்ப வேணா போட்டுக்கட்டும்” என்பார். கிடைத்த நாள்தான் பெரிய நாள், ஆனால் அதை எண்ணக் கூடாது, மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். கடைசி நாளன்று அலுவலகம் மூடியிருந்தால் அடுத்த நாள் ‘ஓசி நாள்’. அதற்கும் மறுநாள் போனால் ‘செத்த நாள்’. “நாளைக்கு வரேன்மா” என்று யாரும் அவரிடம் சொல்லித் தப்ப முடியாது. “நாளைக்குன்னா எந்தத் தேதி?” என்று பிடித்துக்கொள்வார். ஒருவர் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று இனிப்பு கொண்டுவந்தபோதுகூட, “என்னிக்கு? முழுசா எத்தனை நாளாச்சு?” என்றுதான் கேட்டார். இனிப்பை அப்புறம்தான் எடுத்தார்.

செத்த நாளில் வருகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு. அதில் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அம்மாவின் கைராசி அதில்தான் என்று ஊரே சொல்கிறது. ஒருமுறை பதினோரு நாள் தாமதமாக வந்த ஒரு பெரிய மனிதர், பதினோரு நாளுக்கும் சேர்த்து “மனசு சரியில்லம்மா” என்று ஒரே காரணம் சொன்னார்.

“மனசு சரியில்லாத நாளெல்லாம் அவங்க கணக்குல வராதுங்க. நடுவுல காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?”

“ரெண்டு நாள் இருமல்.”

“அப்படி வாங்க வழிக்கு.”

பொய் எழுத மாட்டார். இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. “இல்லாததை எழுத மாட்டேன் சார். இருக்கிறதுல எதை எழுதணும், எதை விடணும்னு எனக்குத் தெரியும்” என்று என்னிடம் சொன்னார். சொன்ன கையோடு முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. எனக்கு அப்போது ஏன் என்று விளங்கவில்லை. தொழில் ரகசியத்தை உளறிவிட்டோம் என்று நினைக்கிறார்போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

விளங்கியது ஒரு மழை மதியத்தில். ஒரு ஆள்கூட வரவில்லை. ஸ்டாம்புக்காரர் கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருந்தார். என் உறையை எதற்காகவோ மறுபடி எடுத்துப் பார்த்த அம்மா, அதை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஒரே ஒரு ஆள்கிட்டதான் சார் நான் கவர் கேக்கல. என் தங்கச்சிகிட்ட.”

தங்கை தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவர். பூட்டிக் கிடந்த மூன்று வீடுகளுக்கு உத்தேசமாக அளவு எழுதிவிட்டார். அதே தப்பைச் செய்த வேறு இருவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இவருக்கு மட்டும் வேலை நீக்கம். உத்தரவு வந்தது ஒரு திங்கட்கிழமை. அவமானத்தில் யாரிடமும் சொல்லாமல், அதைத் துணி அலமாரிக்குள் மூன்று நாள் மறைத்து வைத்திருந்துவிட்டு, வியாழக்கிழமை அக்காவின் கடைக்கு எடுத்து வந்தார். எப்போது வந்தது என்று அக்கா கேட்டதற்கு, “நேத்துதான்” என்று சொல்லிவிட்டார்.

“கூடப் பொறந்தவகிட்டப் போயி கவரைக் காட்டுடின்னு கேப்பாங்களா சார்? கேட்டிருக்கணும். ஊர்ல இருக்கிறவன் ஒவ்வொருத்தனையும் மூணு தடவை கேக்கிறேன். அவளை ஒரு தடவை கேட்டிருக்கணும்.”

புதன்கிழமையைக் கிடைத்த நாளாக வைத்து எண்ணினார். முப்பது நாள் தாராளமாக இருந்தது. உத்தரவை இழுப்பறையில் போட்டார். வெளியாட்கள் வரிசையில் நின்றார்கள். நம் வீட்டு வேலைதானே, எங்கே ஓடிப்போகப் போகிறது என்று தள்ளிப் போட்டார். தன் கணக்குப்படி கடைசி நாளுக்கு முதல் நாள்தான் அதை எடுத்து மனு எழுதினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெருமையாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே இருந்த எழுத்தர் தபாலின் ஒப்புகைச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். தங்கையின் கையெழுத்து. பக்கத்தில் திங்கட்கிழமையின் தேதி. இரண்டு நாள் தாமதம்.

“உங்களுக்கே இப்படியாம்மா? அப்படின்னான் சார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

அதோடு போயிருந்தால்கூட அக்கா தங்கைக்குள் பிளவு வந்திருக்காது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவை அன்று மாலையே எழுதினார். ஆயிரம் பேருக்கு எழுதிய கை. ‘மனுதாரர் உத்தரவைப் பெற்றதை மூன்று நாட்கள் மறைத்து வைத்திருந்த காரணத்தால்’ என்று தொடங்கி, அதோடு முடித்தார். இழுப்பறையைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. தங்கை நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு, “அக்கா, மீதி?” என்று கேட்டார். “மீதி எதுக்குடி, ரெண்டு நாளுக்குத்தான காரணம் கேக்கிறாங்க” என்று அக்கா சொன்னார். தங்கை பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். கையெழுத்து விழவே இல்லை. மனு போகவே இல்லை. வேலை போனது போனதுதான். இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

“அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது” என்றார் அம்மா. “பயம் சார். வேற ஒண்ணுமில்ல. என் பேரை நம்பித்தான் இந்த நாற்காலில வந்து உக்கார்றாங்க. என் பேரைக் காப்பாத்திக்கிட்டு அவளைக் காட்டிக் குடுத்துட்டேன்.”

தங்கை இருப்பது நாலே நிறுத்தம் தள்ளி. மாத்திரை டப்பாக்களில் அட்டை அடுக்குகிற வேலை, காலை ஷிப்டு. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இருவரும் பார்த்துக்கொள்வதுண்டு. ஒருவர் முன்வரிசையில் இருந்தால் மற்றவர் கடைசி வரிசை. கல்யாண வீட்டார் இதற்காகவே கூடுதல் நாற்காலி போடுவதாக ஸ்டாம்புக்காரர் ஒருமுறை கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை.

போன மாதத்தின் கடைசி தேதியன்று, என் மொட்டை மாடி அறை பிழைத்துக்கொண்டது என்று சொல்லப் போனேன். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அம்மா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் நல்ல செய்தி அவர் காதில் ஏறவில்லை.

“இன்னிக்கு அவ ரிடையர் ஆகியிருப்பா சார். மாலை போட்டுக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. நான்தான் போயி கூட்டிட்டு வந்திருப்பேன்” என்றார். “நடக்காத நாளுக்கும் ஒரு தேதி இருக்குது பாருங்க.”

அச்சடித்த தாளை என் கையில் கொடுத்தார். மூன்றே வரி. ‘தாமதத்துக்குக் காரணம் என் தங்கை அல்ல. நம்பிக் கொடுத்த உத்தரவை நான் என் மேஜை இழுப்பறையில் இருபத்து நான்கு நாட்கள் மனு எழுதாமல் வைத்திருந்தேன். இதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.’ கீழே அவருடைய கையெழுத்து. எத்தனையோ ஆயிரம் தாள்களை அடித்துக் கொடுத்தவர் தானே கையெழுத்துப் போட்ட தாளை நான் அன்றுதான் பார்த்தேன்.

இருபத்து நான்கு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடை திறந்த நாளுக்கெல்லாம் டைரியில் ஒரு பக்கம் எழுதுவாராம். அந்த வருடத்து டைரியை எடுத்துப் பக்கங்களை எண்ணினாராம்.

“தபால்ல அனுப்பிடலாமேம்மா” என்றேன்.

“வேணாம் சார். நேர்ல குடுக்கணும். நீங்களும் கூட வாங்க, தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்.”

ஊர் வம்பில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடித்த காரியம்தான். ஆனால் அன்று பேருந்தில் ஏறும்போது, ஏன் ஒப்புக்கொண்டோம் என்றிருந்தது. நாலாவது நிறுத்தத்தில் இறங்கினோம். இரண்டாவது மாடி. நீளமான வராந்தா. வரிசையாகக் கதவுகள். நாலாவது கதவைத் தட்டிவிட்டு ஓர் அடி பின்னால் வந்து என்மேல் இடித்துக்கொண்டார்.

தங்கை கதவைத் திறந்தார். அதே நெற்றி, அதே மூக்கு, சற்றே ஒல்லி. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. நீட்டிய தாளை வாங்கிக் கையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு படித்தார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. மறுபடியும் படிக்கிறார் என்று தெரிந்தது. நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றேன்.

“இருபத்தி நாலு இல்லக்கா” என்றார் தங்கை.

அம்மாவின் கட்டைவிரல் தானாகவே கணுவைத் தேடிப் போனது.

“இருபத்தெட்டு. நாலு ஞாயித்துக்கிழமைய விட்டுட்ட.”

“ஞாயித்துக்கிழமை கடை...”

“கடை மூடியிருக்கும். நான் உன் வீட்டுலதான இருந்தேன்? நாலு ஞாயித்துக்கிழமையும் காலையிலயே வந்தேன். உனக்குத் துணி மடிச்சுக் குடுத்தேன், பாத்திரம் தேய்ச்சுக் குடுத்தேன். மனு என்ன ஆச்சுன்னு கேக்கலாமா, கேட்டா நம்பலைன்னு நினைச்சுக்குவியோன்னு வாயை மூடிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். மத்த நாளெல்லாம் எப்படியோ போயிடுச்சு. அந்த நாலும்தான்க்கா எனக்குப் போகவே இல்ல.”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா தங்கையின் கையிலிருந்து தாளை வாங்கினார். பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தாளை வைத்து, இருபத்து நான்கை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே இருபத்தெட்டு என்று எழுதினார். மனுவில் எதை அடித்தாலும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, இடம் தெரியவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்ததில் தாள் சுவரில் வழுக்கிக் கீழே இறங்கியது.

தங்கை வாசற்படியைத் தாண்டி வந்து, உள்ளங்கையை விரித்து, தாளின் மேல் மூலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.