மூணு மாசம் காசிநாதன்

செங்கல்பட்டில் காசிநாதனுக்கு இரண்டு பெயர்கள். ரேஷன் அட்டையில் இருப்பது ஒன்று. ஊர் வைத்தது 'மூணு மாசம்'. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்: "இப்ப வாங்காதீங்க. மூணு மாசம் போவட்டும். புதுசு ஒண்ணு வருது."

"கடையத் தொறந்து வச்சிக்கினு வர்றவனையெல்லாம் வூட்டுக்குப் போன்னு சொல்ற ஆளு ஊர்லயே நீதான்யா" என்பாள் அவர் மனைவி ரேணுகா.

அவருக்குக் கணக்கு வேறு. திருப்பி அனுப்பிய ஆள் மூன்று மாதம் கழித்து வருவான், கூட இன்னொருவனையும் கூட்டி வருவான். மதுராந்தகம் பக்கம் நெல் விதைத்த குடும்பத்திலிருந்து வந்து, தொண்ணூற்றாறில் ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டவருக்கு விளம்பரம் வேறு எதுவும் இருக்கவில்லை. கல்பாக்கத்திலிருந்து சனிக்கிழமைகளில் வரும் பொறியாளர்கள்கூட அவரிடம் விலை கேட்பதில்லை. "அடுத்து என்ன வரப்போகுது?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது படித்தவர்கள் முகத்தில் வரும் பணிவுக்காகவே அவர் கடை நடத்தினார் என்றும் சொல்லலாம்.

மேசை மேல் ஒரு பச்சைக் கோப்பு இருக்கும். ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலக் கம்ப்யூட்டர் இதழ்களிலிருந்து வெட்டிய செய்திகள் அதில். எந்தப் பிராசஸர், என்ன வேகம், எவ்வளவு சூடாகும், எந்த கிராபிக்ஸ் கார்டில் எவ்வளவு மெமரி. ஒவ்வொரு துண்டின் கீழும் பென்சிலால் ஒரு தமிழ் மாதம் எழுதியிருப்பார். மாசி, வைகாசி, ஐப்பசி. அமெரிக்காவில் வெளியாகும் சாமான் சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவுக்கு எப்போது வந்து இறங்கும் என்ற கணிப்பு அது. பெரும்பாலும் தப்பாது.

ஆடியில் யாரும் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. ஆனால் கேட்பதற்கு ஆடி தடையில்லை. விற்பனை நின்றுபோகும் அந்த ஒரு மாதத்தில்தான் அவர் கடை நிரம்பி வழியும். பெஞ்சில் இடமில்லாமல் வாசலில் நின்று கேட்பார்கள். ஆவணியில் வாங்கலாமா, ஆயுத பூஜைக்கு வாங்கலாமா, பொங்கல் வரை பொறுக்கலாமா. அவர் கோப்பைத் திறந்து பதில் சொல்வார். வருடத்தில் பதினோரு மாதம் அவர் வியாபாரி. ஆடியில் வேறு ஆள்.

அப்படி ஒரு ஆடியில்தான், இரண்டாயிரத்து ஒன்றில், யாரோ கேட்டார்: "கோவளத்துல சாலமோன் வேற மாதிரி சொல்றாரே."

சாலமோனும் அவரும் செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. சாலமோன் கோவளத்து மீனவர் குடும்பம். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான் என்பதால் அண்ணன்கள் அவனைக் கரையிலேயே விட்டார்கள். சில வருடம் ரிச்சி தெருவில் வேலை பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடை போட்டிருந்தான். ஒரு இதழும் படிக்க மாட்டான். ரிச்சி தெருவில் டீ குடித்துக்கொண்டே எந்தப் பெட்டி இறங்குகிறது, எதை விலை குறைத்துத் தள்ளுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

அவன் கணிப்பும் தப்பாமல் இருந்தது. அதைத்தான் காசிநாதனால் தாங்க முடியவில்லை.

தன் கடையை மூடிவிட்டு, பஸ் பிடித்துக் கோவளம் போய், எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அவன் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்த நாட்கள் உண்டு. ஒருநாள் சாலமோனே சாலையைக் கடந்து வந்தான். "இன்னா மச்சான், இங்கேயே குந்திகினு கீற? உள்ள வந்தா ஃபேன் கீது." காசிநாதன் மாமல்லபுரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி, வேலையே இல்லாத மாமல்லபுரத்தில் போய் இறங்கினார்.

இரண்டாயிரத்து நான்கு ஆடியில் பத்ரி வந்தார். மாமல்லபுரத்துப் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அங்கே ஒரு சிற்பக் கூடத்தின் வரைபட அலுவலகத்துக்குத் தலைமை. வெளிநாட்டில் கட்டப்போகும் கோயில்களுக்குக் கல் செதுக்குவதற்கு முன் விமானம், கோபுரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து சுற்றிக் காட்ட வேண்டும். எட்டு மிஷின் தேவை. எட்டிலும் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

"நாலஞ்சு வருஷமாவது உழைக்கணும். நடுவில பெரிய கார்டு மாத்திக்கறா மாதிரி இருக்கணும்" என்றார் பத்ரி. "அடுத்து என்ன வரப்போறது, சொல்லுங்கோ."

காசிநாதன் கோப்பை எடுத்தார்.

"சாலமோன்கிட்டயும் கேட்டேன்" என்றார் பத்ரி. "இப்ப வாங்காதீங்க, மூணு மாசம் போவட்டும்னார்."

காசிநாதனின் கை நின்றது. அது அவருடைய வார்த்தை. எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவர் பெயராகவே ஆன வார்த்தை. அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எதுக்காம்?"

"கார்டு சொருகற ஸ்லாட்டே மாறப் போறதாம். இப்ப இருக்கற ஏ.ஜி.பி. போயிடுமாம். புதுக் கார்டு பழைய போர்டில உக்காராதுங்கறார்."

அந்தச் செய்தி பச்சைக் கோப்பில் மேலிருந்து மூன்றாவது தாளில் இருந்தது. புது ஸ்லாட், புதுப் பிராசஸர், பிராசஸரின் அடியில் ஊசிக்கால்களே கிடையாது. கீழே பென்சிலில் ஐப்பசி என்று எழுதியிருந்தார். சாலமோன் சொன்னது அத்தனையும் சரி. ஆமாம் என்றால், அவன் சொன்னதை ஆமாம் என்று சொன்னவர் ஆவார்.

கோப்பைத் திறக்காமல் அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏ.ஜி.பி. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அசையாது சார். ஆவணியில முதல் முகூர்த்தத்துல எடுத்துக்குங்க."

பத்ரி அவரை வியப்புடன் பார்த்தார். "நீங்களே வாங்கச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஆவணியில் எட்டுப் பெட்டிகளுக்கும் பத்ரி சந்தனம் குங்குமம் வைத்து ஓடவிட்டார். அந்த வாரமே காசிநாதன் கோவளம் போனார். இந்தத் தடவை டீக்கடைக்கு அல்ல, நேராகக் கடைக்குள்.

"எட்டு பொட்டியாமே மச்சான்" என்றான் சாலமோன். "ஏ.ஜி.பி.யாமே."

"ஆமா."

"உனக்குத் தெரியாததா."

ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசியில், பென்சிலில் எழுதிய மாதத்திலேயே, புது ஸ்லாட் போர்டுகள் ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைத்தன. தன் கணிப்பு பலித்ததற்காக அவர் வருத்தப்பட்டது அதுவே முதல் முறை. அன்றிரவு சோறு இறங்கவில்லை. "கடையில எவனாச்சும் செத்துட்டானா?" என்று ரேணுகா கேட்டாள்.

அந்த டிசம்பரில் கோவளத்தில் கடல் ஊருக்குள் வந்தது. சாலமோன் குடும்பம் பிழைத்தது. கடைக்குள் இடுப்பளவு உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் காசிநாதன் போனபோது பக்கத்துக் கடை பாய், சர்ச் ஆட்கள், கல்பாக்கத்துப் பொறியாளர்கள், பத்ரி என்று இருபது பேர் போர்டுகளை நல்ல தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு வாளியை எடுத்தார். என் கடை மூழ்கினால் இத்தனை பேர் வருவார்களா என்ற நினைப்பு அப்போதும் வந்தது. வாளியைக் கீழே வைக்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் பத்ரி போன் செய்தார். புதிய வரைபட மென்பொருள் வந்திருந்தது. பழைய கார்டில் கோபுரம் திரும்பவே மாட்டேன் என்கிறது. பெரிய கார்டு எட்டு வேண்டும்.

"எங்க முதலாளி எட்டையும் தூக்கிப் போட்டுட்டு வேற ஆள்கிட்ட வாங்குங்கறார். நீங்க அஞ்சு வருஷம்னு சொன்னதை நான்தான் அவர்கிட்டச் சொன்னேன். எனக்குத் தலை நிமிர முடியலை."

காசிநாதன் மின்சார ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, ரிச்சி தெருவைக் கடை கடையாக ஏறி இறங்கினார். பெரிய கார்டு எல்லாம் புது ஸ்லாட்டுக்குத்தான். பழைய ஸ்லாட்டுக்குப் போட்ட கடைசி லாட்டைப் பற்றி ஒரு கடைக்காரர் சொன்னார். "போன வருசமே ஒருத்தர் எட்டு பீஸ் எடுத்துக்கினு போய்ட்டாரே அண்ணாத்த. கோவளத்துக்காரரு."

எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலை கோவளம் போனார்.

சாலமோன் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். "வா மச்சான். சித்திரையிலயே வருவன்னு பாத்தேன்." மேல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியை இறக்கினான். எட்டுக் கார்டுகள், உறை பிரிக்காமல். பெட்டியின் மேல் 'காசி' என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

"கடை முழுசும் உப்புத் தண்ணியில போச்சு. அப்போ போய் இத வாங்கி வச்சியா?"

"மலிவா தள்ளிக்கினு இருந்தான். வுட்டா கெடைக்காது."

"எனக்கு எதுக்குடா?"

"பத்ரி கேட்ட அந்த ஆடியில ஸ்லாட்டு சமாச்சாரம் உன் ஃபைல்ல இல்லாம இருக்குமா? நீ தெரியாம சொல்லலன்னு எனக்குத் தெரியும். எதுக்கு சொன்னன்னும் தெரியும். பேஜாரு பண்ணாம எட்துக்கினு போ."

பிராசஸரை, கார்டை, ஸ்லாட்டைக் கணித்தது போதாதென்று அவன் தன்னையும் கணித்திருக்கிறான். பஸ்ஸில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு போகும்போது காசிநாதனுக்கு நன்றி வரவில்லை. வயிறு எரிந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு யார் சொன்னது என்று எரிந்தது.

எட்டுக் கார்டுகளையும் சொருகி முடிக்கப் பிற்பகல் ஆனது. திரையில் கோபுரம் தடங்கலின்றிச் சுழன்றது. கலசம் வரை நிழல் விழுந்தது.

"முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லி வச்சிருந்தேளாமே" என்றார் பத்ரி. "சாலமோன் காத்தால போன் பண்ணினார். இது அவருக்குத் தோணவே இல்லை, எல்லாம் காசிநாதன் யோசனைன்னார்."

காசிநாதன் கையிலிருந்த திருகுளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். மூணு மாசம் காசிநாதன் என்ற பெயர் அப்படியே அவரிடம் இருக்கும். சாலமோன் போட்ட பிச்சையாக இருக்கும்.

"பொய் சொல்றான் சார்" என்றார். "ஸ்லாட்டு மாறப்போவுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அவன் சொன்னதை நானும் சொல்லணுமான்னு மாத்திச் சொன்னேன். கார்டு அவன் எடுத்து வச்சது."

பத்ரி திரையைப் பார்த்தார். கோபுரம் இன்னும் இரண்டு சுற்று சுற்றியது.

"அடுத்த வருஷம் இன்னும் பத்து மிஷின் வேணும்" என்றார் கடைசியில். "ஒரே பிராசஸருக்குள்ள ரெண்டு மூளை, நாலு மூளைன்னு வரப்போறதாம். இப்ப நான் யாரைக் கேக்கறது?"

"சாலமோனைக் கேளுங்க."

திருகுளியைப் பையில் போட்டுக்கொண்டு காசிநாதன் வாசல் வரை போனார். செருப்பை மாட்டியவர் திரும்பி நின்றார்.

"எந்த மாசம்னு சொன்னான்னு எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார்."