சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் ஒரு சம்பந்தப் பேச்சு

தாம்பரத்தில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். மூட்டைகளை அடுக்க அலமாரி வேண்டும். தகடு வாங்க சாத்தாங்காடு இரும்புச் சந்தைதான் சரி என்றார்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன்.

கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து திருவொற்றியூருக்கு மெட்ரோ, ஐம்பது ரூபாய். பிறகு ஆட்டோ, எண்பது ரூபாய். (நூற்றைம்பதில்தான் ஆரம்பிப்பார்கள்.) "வசந்தாக்கா கடைக்குப் போம்மா, எடையில ஏமாத்தாது" என்று ஓட்டுநரே இறக்கிவிட்டார். மணி பத்து.

கடை வசந்தாவுடையது; பதினொரு வருடமாக நடத்துகிறார். கணவர் குமார் அங்கேயே கிரேன் ஓட்டுகிறார். குமார் யார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் போனபோது முதலாளி நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் குமார் உட்கார்ந்திருந்தார். விலை கேட்டால் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

தகட்டை அளந்தபடியே வசந்தா தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னிக்கு மட்டும் கடை அவரோடதுக்கா. பொண்ணக் கேட்டு வர்றாங்க. ஆத்தாக்காரி இரும்பு யாவாரம் பண்றான்னு ரெண்டு எடம் வாணாம்னுட்டுப் போயிடிச்சி."

பத்தரைக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். குமார் காபி வரவழைத்தார். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் சரக்கு லாரி வந்து நின்றது. டிரைவர் பில்லை நீட்ட, குமார் கையெழுத்துப் போடப் போனார்.

வசந்தா லாரியில் இருந்த தகட்டின் ஓரத்தில் தடிமனை அளந்து பார்த்தார். வந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவரால் அடக்க முடியவில்லை.

"இறக்காத! மூணு மில்லின்னு பில்லு, ரெண்டரைதான் கீது. வண்டியத் திருப்பு."

"ஓனரே சும்மா கீறாரு, உனக்கு இன்னாம்மா?" என்றார் டிரைவர்.

குமார் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "ஓனரு அவங்கதாம்பா. நான் கிரேன் ஓட்றவன்."

மாப்பிள்ளையின் அப்பா பாதிக் காபியோடு தம்ளரைக் கீழே வைத்தார். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு மணி நேரம் வாய மூடிக்கினு இருக்கக் கூடாதாய்யா?" என்று வசந்தா கத்தினார்.

"நீ இருந்தியா?" என்றார் குமார்.

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தகட்டை வெட்ட ஆரம்பித்தார்.

போகிறவர்களுக்கு: பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு லாரி நெரிசல். மூடிய செருப்பு அவசியம். அளவை எழுதி எடுத்துப் போங்கள். சரக்கை ஏற்றிவர மினி வேனைச் சந்தை வாசலிலேயே பேசிக்கொள்ளலாம். தாம்பரத்துக்கு எனக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆனது.

தொழில் செய்கிற பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது முதலீடு அல்ல, வீட்டு ஆண் எங்கே என்பதுதான். எனக்கும் அந்தக் கேள்வி பழக்கம்.

இந்த வாரம் இன்னொரு அலமாரிக்காகப் போனேன். நாற்காலியில் வசந்தா இருந்தார். அந்த சம்பந்தம் அமையவில்லையாம்.

"பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"இனிமே யாரு கேட்டு வந்தாலும் மொதல்ல கடைக்கு இட்டுக்கினு வா, அப்பால வூட்டுக்கு வரட்டும்னு சொல்லிடிச்சிக்கா."