பழைய பதிப்பில் வராத எச்சரிக்கை

ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பழசு'. வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை, பாவம். ஆனால் அவள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ஊரே தூக்கிப்போட்ட மெயில் புரோகிராமின் பழைய பதிப்புகள் அத்தனையும் அதில் உயிரோடு இருந்தன. மெயில் புரோகிராமுக்குள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் 'ஆட்-இன்' என்கிற குட்டி நிரல்களை அவள் கம்பெனி எழுதி விற்றது. புதிய பதிப்பில் ஓடினால் கைதட்டல் மற்றவர்களுக்கு, பழைய பதிப்பில் ஓடாவிட்டால் திட்டு இவளுக்கு. இதுதான் அவள் உத்தியோகம்.

நன்றாக விற்றது 'காவலன்' என்ற ஆட்-இன். வெளியாளுக்கு ஒரு கடிதம் போகப்போகிறது என்றால், அனுப்புகிற நொடியில் மறித்து, "இவருக்குத்தானா?" என்று கேட்கும். பழைய பதிப்பிலோ கடிதத்தை மறிக்க வழியே கிடையாது. காவலன் அங்கே போய் முட்டிக்கொண்டு சிவப்பாக ஒரு பிழைச் செய்தியைக் கக்கும். வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தார்கள். பழசு ஒரு வேலை செய்தாள். காவலன் முதலில் பதிப்பை விசாரிக்கும். பழையது என்றால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடும். மூலையில் 'காவல் இருக்கிறது' என்கிற பச்சைச் சின்னம் மட்டும் நிற்கும். அன்றோடு புகார் நின்றது. டீம் லீடர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அட, வராத எச்சரிக்கையைப் பற்றி யார்தான் புகார் செய்வார்கள்? அது ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

காவலனைப் பற்றி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அவள் நாத்தனார், கணவனின் அக்கா. ஒரு வக்கீல் ஆபீஸில் கடிதங்களை டைப் செய்து அனுப்புவது அவர் வேலை. "என் தம்பி பொண்டாட்டி எழுதினதுங்க" என்று வக்கீலை நச்சரித்து, ஆபீஸ் முழுக்கக் காவலனைப் போட வைத்ததே அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே ஆரம்பிக்கும் வாய் அன்று திறக்கவில்லை. தம்பி கடைக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, பழசைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே. என்கூட டாக்டர்கிட்ட வர்றியா?"

"என்ன அண்ணி, உடம்புக்கு?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. தலைதான் சரியில்ல." நெற்றியைத் தட்டிக் காட்டினார். "எங்க கட்சிக்காரருக்குப் போக வேண்டிய கடிதத்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பிட்டேன். ரெண்டு எழுத்து அடிச்சதும் மேல வந்த பேரைத் தட்டிட்டேன்போல. எச்சரிக்கை வரவே இல்லீங்கன்னு சத்தியம் பண்ணேன். எல்லாருக்கும் வருது, உங்களுக்கு மட்டும் வராதா, நீங்களே தட்டி மூடிட்டு மறந்திருப்பீங்கங்கறார் எங்க வக்கீல். யோசிச்சு யோசிச்சு எனக்கே அப்படித்தான் தோணுது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?"

மாமியாரின் கடைசி வருஷத்தைப் பழசு பார்த்திருக்கிறாள். சோறு ஊட்டிய இதே மகளைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டவர் அவர்.

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்," என்றார் நாத்தனார்.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற மெயில் புதுசா அண்ணி?"

"எல்லாருக்கும் புதுசு வந்துச்சு. கை பழகினதே போதும்னு நான்தான் பழசையே வெச்சுக்கிட்டேன். ஏன் கேக்கறே?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்து, அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். முதலில் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு சாக்கு.

மறுநாள் ஆபீஸில் சோதித்தாள். பழைய பதிப்பிலிருந்து கடிதம் முணுக்கென்றுகூடச் சத்தமில்லாமல் வெளியாளுக்குப் போய்ச் சேர்ந்தது. பச்சைச் சின்னம் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நின்றது. உடனே உட்கார்ந்து, பழைய பதிப்பில் மஞ்சள் பட்டையில் ஒரு வரி வரும்படி எழுதினாள்: 'இங்கே என்னால் தடுக்க முடியாது. பெயரை நீங்களே சரிபாருங்கள்.'

டீம் லீடர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "எடும்மா அதை! இத்தனை நாள் தடுக்கலையான்னு எல்லாரும் சட்டையைப் பிடிப்பாங்க. அந்தச் சின்னத்தை மட்டும் அடுத்த அப்டேட்ல சத்தம்போடாம எடுத்துடு. வெளிய மூச்சு விட்டே, உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

தலையாட்டினாள். ஆமாம், ஆட்டத்தான் செய்தாள். வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் இருக்கிறவள் வேறென்ன செய்வாள்?

சாயங்காலம் டாக்டர் வீட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பழசு காது கொடுத்துக் கேட்டாள்.

"திங்கக்கிழமை. வீட்டு நம்பர் பதினாலு. தம்பிக்கு ஒரு பொண்ணு... இதெல்லாம் கேப்பாங்களாம்டி. அம்மாகிட்ட கேட்டாங்க. நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லுவாங்க. தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு..." எழுபத்தொன்பதில் தடுமாறி, கலவரத்தோடு இவள் முகத்தைப் பார்த்தார்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வேலையாவது மண்ணாங்கட்டியாவது!

"அண்ணி, உங்களுக்கு மறதி இல்ல. எச்சரிக்கை வரவே இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல அது வராது. பழைய பதிப்புன்னா பேசாம இருன்னு எழுதி வெச்சது நான்தான்."

நாத்தனார் வெறித்துப் பார்த்தார். "வரவே இல்லையா?"

"வரல. நேத்தே தெரியும். சொல்லப் பயந்துட்டேன். இப்பவே உங்க வக்கீலுக்குப் போன் பண்ணி, தப்பு எங்களோடதுன்னு சொல்றேன்."

"பாவி!" முதுகில் பொளேரென்று ஒரு அடி விழுந்தது. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம, என் பேரை நானே சொல்லிப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன்டி!" அடித்த கையாலேயே அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, விம்மி விம்மி அழுதார். அவளும் அழுதாள்.

நர்ஸ் வந்து, அடுத்தது நீங்கதான் என்றாள். நாத்தனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வரவே இல்லதானே?"

"வரல அண்ணி."

"இன்னொரு தடவை சொல்லு."

"வரல."