மிர்கால் மேலே வந்த காலை

டோம்பிவிலியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம் போனால் அந்தக் குளம். தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன், பட்டறையை விற்றுவிட்டு மீன் வளர்க்க அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். திரும்பிப் போக வேறு இடம் இல்லை. மூன்று வகை மீன்: கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். "ஒரே வீட்டுல மூணு குடித்தனம்" என்பார்.

தண்ணீர் நாறுகிறது என்று போன் செய்திருந்தார். கணபதி விழாவின் எட்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கட்லாக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"தீனி கேக்குதா?"

"மூச்சு கேக்குது மாப்ளே."

ஐந்தாம் நாள் ஊர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளையார்களை அங்கேதான் கரைத்தார்கள். மாலைகளும் அருகம்புல்லும் தண்ணீருக்குள்ளேயே போயின. மதராஸி என்று ஒதுக்கிவிடக் கூடாதென்று இவரே கரையில் பந்தல் போட்டு டீ கொடுத்திருந்தார். அதன்பின் மூன்று நாள் வெயில் இல்லை. பூ அழுகி, பச்சைத் தண்ணீர் கறுத்திருந்தது.

காற்றுக் கலக்கட்டும் என்று பம்பைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே உயரத்திலிருந்து குளத்தில் கொட்டினோம். போதவில்லை. மாலைகளை வெளியே இழுக்கலாம் என்றேன்.

"சாமிக்குப் போட்டதைத் தூக்கி எறிஞ்சேன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அடுத்த வருசம் குத்தகை கெடையாது. நீரு பேப்பர்க்காரரு, எழுதிட்டுப் போயிருவீரு."

ஏழு மணிக்கு ரோகுவும் மேலே வந்தது. சற்று நேரத்தில் சேற்று நிற முதுகு ஒன்று தெரிந்தது. மிர்கால். அவர் லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினார். நானும் இறங்கினேன். மாலையை இழுத்தால் நார் மட்டும் வந்தது. பூ கையில் கூழானது.

கரையில் விழாக் கமிட்டிக்காரர் நின்றிருந்தார். "க்யா கர் ரஹா ஹை, அண்ணா?" என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

 மச்சான் செத்த கட்லா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பிறகு, பெரிய கணபதியைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், பூ மட்டும் வேண்டாம் என்று அரைகுறை இந்தியில் சொன்னார். வந்தவர் மீனையே பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் கட்லாவில் பாதிக்கு மேல் செத்து மிதந்தது. மிர்கால் பிழைத்து அடிச்சேற்றுக்கே திரும்பிவிட்டது.

பத்தாம் நாள் பெரிய கணபதி மேளத்தோடு வந்தார். கழுத்தில் ஆளுயர சாமந்தி மாலை. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். மேளம் நின்றது. கமிட்டிக்காரர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். மாலையைக் கழற்றி, நனையாமல் தூக்கிப் பிடித்து, அந்தக் கைகளில் வைத்தார்.