மண் திருப்பி அடிக்கும் வரை

அக்கா என் வீட்டுக்கு வராமல் போனதற்கு ரோடுதான் காரணம். வேறு மனத்தாங்கல் எங்களுக்குள் எதுவும் கிடையாது.

தாண்டிக்குடிக்குக் கீழே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் குடியிருப்பு. சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தார் கொஞ்சப் பேர் அங்கே இருக்கிறோம். அக்காவும் நானும் ஒன்றாகத்தான் வந்தோம், அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தோம். அவள் மகன் வத்தலக்குண்டில் லாரிப் பட்டறை வேலைக்குப் போன பிறகு அவளையும் கீழே கூட்டிப்போய்விட்டான்.

ஆனாலும் மாசம் தவறாமல் ஜீப்பில் ஏறி வந்துவிடுவாள். வந்தால் தங்காமல் போக மாட்டாள். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறையில், சின்னப்பிள்ளைகளாக ஒரே கம்பளிக்குள் படுத்துப் பேசினது போலவே இங்கேயும் பாயைச் சேர்த்துப் போட்டுப் பேசுவோம். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், அந்தக் காலத்துத் தொரை வீட்டு நாய் யாரைக் கடித்தது, இதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி தூங்கிப்போவாள். அது தெரியாமல் மற்றவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு வருஷம் எங்கள் ரோட்டுக்குப் புதுசாகத் தார் போட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. முதல் மழைக்கே அடியில் இருந்த மண் உட்கார்ந்துவிட்டது, மேலே தார் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தக் குழி ஒன்றில்தான் அக்கா வந்த ஜீப் இறங்கி ஏறியது. முதுகெலும்பு விலகிப்போனது. மதுரை டாக்டர், இனிமேல் குலுங்குகிற வண்டியில் ஏறினால் கால் விளங்காது என்று சொல்லிவிட்டார்.

பிறகு நான்தான் போய் வந்தேன். வெள்ளனே கிளம்பினால் மதியச் சோற்றுக்கு அங்கே இருப்பேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அக்கா மருமகள் நல்ல பெண்தான், "இருந்துட்டுப் போங்க சின்னத்தை" என்று சொல்லத்தான் செய்வாள். இருந்தாலும் இன்னொருத்தி வீட்டில் பாய் விரிக்க எனக்கு வராது. இந்த வயசு வரை விரித்ததும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ரோட்டைத் தோண்டிப் புதுசாகப் போட வந்தார்கள். தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்றார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன். "தீபாவளிக்கு வந்து பத்து நாள் கெடப்பேன், வெரட்டக் கூடாது" என்றாள்.

நான் முன்னாடி ஏமாந்தவள். ஆகையால் வேலை நடக்கிற இடத்துக்கே போய் நின்றேன். வந்திருந்த ரோலர் பழைய ரோலர் மாதிரி இல்லை. இரும்பு உருளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி முடுக்கியிருந்தார்கள். அதிலிருந்து ஒயர் ஓடி, டிரைவர் முன்னால் இருக்கிற இன்னொரு பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கு.

கண்ணாடி போட்ட இன்ஜினியர் தம்பியிடம் கேட்டேன். "என்னய்யா இது, ரோட்டுக்கு ஈசிஜி எடுக்குறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதுதாம்மா. உருளை அதிர்ந்து அதிர்ந்து மண்ணை அடிக்குதுல்ல? மண்ணு பொதபொதன்னு இருந்தா அடியை வாங்கிக்கிட்டுச் சும்மா கெடக்கும். இறுகிட்டா உருளையைத் திருப்பி அடிக்கும். எவ்வளவு அடிக்குதுன்னு இந்த சென்சார் பாத்துச் சொல்லும். நல்லாத் திருப்பி அடிச்சாத்தான் பச்சை."

"எங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க. ஒண்ணு சொன்னா ஒம்பது திருப்பித் தருவா."

"அப்ப உங்க அக்கா எப்பவும் பச்சைதான்" என்றார் ரோலர் டிரைவர் மேலே இருந்து.

அன்றையிலிருந்து எனக்கு அதுதான் சோலி. காப்பித் தோட்டத்தில் களை எடுத்துவிட்டு வருகிற வழியில் நின்று விளக்கைப் பார்ப்பேன். நம்பர் எல்லாம் எனக்குப் படிக்க வராது, பச்சை தெரியும். சிவப்பு எரிந்த இடத்தில் ரோலர் திரும்பத் திரும்பப் போகும். பச்சை வந்தால்தான் மேலே ஜல்லி. ராத்திரி போன் போட்டால் அக்கா முதலில் கேட்பது அதைத்தான்.

"இன்னிக்கு எது வரைக்கும்டி பச்சை?"

"பலா மரத்து வளைவு வரைக்கும்."

"அந்த டிரைவருக்குத் தேத்தண்ணி குடுடி. ஊத்தி ஊத்திக் குடு. வெரசா ஓட்டட்டும்."

வேலை எங்கள் குடியிருப்புக்கு வந்தது. ரோலர் போவதற்கு முன்னால் லாரியில் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் வாசலுக்கு முன்னால் கொட்டின மண்ணுக்கு அவர்கள் தெளித்தது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. தூசி பறந்தது. வீட்டுக்கு மண்தரை போடும்போது நாங்கள் என்ன செய்வோம்? மண்ணை நன்றாகக் குடிக்கவிட்டு, ஊறவிட்டு, அப்புறம்தான் திமிசுக் கட்டையால் அடிப்போம். அப்படி அடித்த தரை இன்னும் என் வீட்டில் கல் மாதிரி இருக்கிறது. அக்கா வருகிற ரோடு அதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டாமா? வேலையாட்கள் போன பிறகு நானும் எங்கள் வரிசைப் பெண்களும் குடம் குடமாகக் கொண்டுவந்து அந்த மண்ணில் ஊற்றினோம். ஒவ்வொரு வாசலிலும் அவரவர் பங்கு. என் வாசலில் கூடுதலாகவே ஊற்றினேன்.

மறுநாள் ரோலர் வந்தது, போனது, வந்தது. விளக்கு சிவப்பை விட்டு நகரவில்லை. மண் நெளிந்தது. உருளை முன்னால் போகப் போகப் பின்னால் பொங்கியது. இன்ஜினியர் தம்பி கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். விரலிடுக்கில் சேறாக வழிந்தது.

"இங்க தண்ணி எப்படி வந்துச்சு? ஊத்து எதுவும் இருக்கா?"

"ஊத்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. நாங்கதான் ஊத்துனோம்" என்றேன்.

"ஏம்மா?"

"தரை இறுகணும்ல?"

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அளவு இருக்கும்மா. கொறஞ்சாலும் இறுகாது, கூடுனாலும் இறுகாது. கூடுச்சுன்னா மண்ணுக்குள்ள தண்ணிதான் அடியை வாங்கும்."

டிரைவர், "பாட்டி, அம்புட்டுப் பாசமா ரோட்டு மேல?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மண்ணை வாரிப் பரப்பிக் காயவிட்டார்கள். காய்வதற்கு வெயில் வேண்டும். வெயிலுக்குப் பதிலாக மூடுபனி வந்தது. அடுத்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈர மண்ணில் ரோலர் விட முடியாது என்று, கீழே இரண்டு வளைவு தள்ளி, பச்சை வந்த இடம் வரைக்கும் தார் போட்டு நிறுத்திவிட்டார்கள். மிச்சம் மழை முடிந்து பார்க்கலாம் என்றார்கள்.

அக்காவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். "எம்புட்டுக் குடம்டி ஊத்துன?" என்றாள்.

"எண்ணவா செஞ்சேன்?"

"சரி விடு. நான் வர்றேன். தார் எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் வர்றேன்."

தீபாவளியன்று அக்கா மகன் ஒரு காரை வாடகைக்குப் பிடித்து மெதுவாக ஓட்டி வந்தான். வழி நெடுக ஒரு குலுக்கல் இல்லை என்றாள். வளைவில் தார் முடிகிற இடத்தில் கார் நின்றது. மேலே முழங்கால் அளவு சேறு. நான் பலகாரத் தூக்கோடு இறங்கிப் போயிருந்தேன். அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிவர நாலு ஆம்பிளைகளையும் சொல்லி வைத்திருந்தேன்.

நாற்காலியைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம். "நாலு பேரு என்னைத் தூக்குறது ஒரே ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. கொண்டு போகச் சொல்லு."

"சேத்துல வழுக்கி விட்டுட்டா அம்மா இடுப்பு என்னாகும் சித்தி?" என்றான் மகனும்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் காருக்குள் ஏறிப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பேரும் அதிரசம் தின்றோம். அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சரியாகப் பேச்சு வரவில்லை. படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சு உட்கார்ந்தால் வருவதில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பனி இறங்க ஆரம்பித்ததும் மகன் போய் முன்சீட்டில் ஏறினான். நான் இறங்கிக்கொண்டேன். கார் ரிவர்ஸிலேயே கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்ப முடிந்தது. திரும்புகிற வரைக்கும் அவள் முகம் எனக்கு நேராகவே இருந்தது.

மழை முடிந்து தை மாசத்தில் மிச்ச வேலையை எடுத்தார்கள். என் வாசலில் பச்சை எரிந்தபோது இன்ஜினியர் தம்பியே கூப்பிட்டுக் காட்டினார். அதற்குள் அக்கா மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, அவளையும் கொண்டுபோய்விட்டான். அவ்வளவு தூரம் அவளை ஒருமுறை படுக்கவைத்துக் கொண்டுபோனதே பெரிசு. இன்னொருமுறை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ வாடி, வந்து இரு" என்கிறாள் போனில். திருப்பூருக்குப் போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. தங்கத்தான் வேண்டும். "பாப்போம்க்கா" என்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியும். அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் போனை வைத்துவிட்டுப் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ரோடு எப்படிடி கெடக்கு?" என்று மட்டும் இன்னும் கேட்பாள்.

நன்றாகத்தான் கிடக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்துவிட்டது, ஓரிடத்திலும் உட்காரவில்லை. யார் யாருக்கோ சொந்தக்காரர்கள் காரில் வருகிறார்கள். என் வாசலில் ஒரு வண்டியும் வேகத்தைக் குறைப்பதில்லை. குறைக்க அங்கே ஒரு குழி இல்லை.