சப்பாத்தி போட வைத்த நர்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். வல்லம் வடகாலில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் அப்போதும் நான்தான் நர்ஸ், இப்போதும் நான்தான்.

ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். தமிழ் தெரியாது. அவளைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரின் ஆள் கூடவே வந்து, இந்தியில் கேட்டு எனக்குச் சொல்வார். "இன்னா மேடம், சும்மா நடிச்சிகினு கீது. லீவு வோணுமாம்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நானும் ஒரு கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எனக்கு என்மேல் ரொம்ப நம்பிக்கை. வடக்கத்திப் பிள்ளைகளுக்கு நம் சோறு சேராது என்று நானே முடிவு செய்து, கேன்டீனில் சண்டை போட்டு அவளுக்கு மட்டும் தினமும் சப்பாத்தி போட வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு. அவளோ இன்னும் இளைத்துக்கொண்டே போனாள்.

கடைசியில், உடம்பில் ஒன்றுமில்லை, நடிப்புதான் என்று நான் எழுதிக் கொடுத்தால் அவளை ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாகக் கான்ட்ராக்டர் தரப்பில் சொன்னார்கள். மதியம் எழுத உட்கார்ந்தேன். பசித்தது. பேனாவை மூடிவிட்டு டப்பாவைத் திறந்தேன். பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். அன்றும் வயிற்று வலியென்று வந்து கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து வந்து அதையே பார்த்தாள். மூடியில் பாதியை வைத்துக் கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டவள், அப்படியே உடைந்து அழுதாள்.

அவர்கள் வீட்டிலும் இதே பழைய சோறுதான் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கான்ட்ராக்டரின் ஆளைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அப்போதுதான் புத்தி வந்தது. படப்பையில் நாலு வருடமாகக் குடியிருந்து தமிழ் பழகிய அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தியை உற்பத்தி லைனிலிருந்து வரவழைத்தேன். வந்தவள் இவளிடம் கேட்டுச் சொன்னாள்:

"இவ தம்பி செத்துட்டான்க்கா. சாவுக்குப் போக லீவு கேட்டா, அந்த ஆளுதான் குடுக்கல. அவங்கிட்டயே இவ இன்னான்னு சொல்லுவா? தூக்கமே இல்லியாம். உசுரோட இருக்கவே புடிக்கலியாம்."

அந்த ஆளைத் திட்டி என்ன பயன்? நடிப்பு என்று எழுதப் பேனாவைத் திறந்தவள் நான்தானே. வெட்கமாக இருந்தது. அன்று அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை மூவருமாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அந்த ஊர்க்காரப் பெண் மூலமாகவே டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். மாத்திரை, பேச்சு, நடுவில் அம்மாவைப் பார்க்க நான் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்த லீவு என்று தேறிவர ஆறேழு மாதம் ஆனது.

இப்போது அவள் லைன் லீடர். தமிழில் என்னையே மடக்குகிறாள். புதிதாக ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால், கான்ட்ராக்டரின் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு இவளைத்தான் கூப்பிடுகிறேன். "சப்பாத்தி மட்டும் குடுத்துராதீங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள். நானும் சிரிப்பேன். ஆனாலும் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், அன்று எனக்குப் பசிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்து மனசு பதறத்தான் செய்கிறது.