பெஞ்சில் இருந்த மாப்பிள்ளை

என் மாமனார் என்னை முதன்முதலில் பார்த்தபோது இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். நீலசந்திராவில் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை "சைடு, சைடு" என்று விலக்கி, எனக்கு முன்னால் நடந்து அழைத்துப் போனார். என்னைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, தான் சுவரோரம் நின்றுகொண்டார்.

அவர் நீதிமன்றத்தில் டபேதார். வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையுமாக நீதிபதிக்கு முன்னால் நடந்து வழி ஏற்படுத்துகிற வேலை. நான் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிய காலம் அது. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பெஞ்ச். கோலார் தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு இருந்த சித்தப்பா, போனில் சம்பந்தம் பேசும்போது, "பையன் இப்போ பெஞ்சுல இருக்கான்" என்று மறைக்காமல் சொல்லியிருந்தார். கேட்டவர் காதில் நான் நீதிபதி ஆகிவிட்டேன்.

"ஐயா சிங்கிள் பெஞ்சுங்களா, டிவிஷன் பெஞ்சுங்களா?" என்றார் மாமனார்.

"தனியா இல்லைங்க. எங்க மாடியில ஒரு கும்பலே பெஞ்சுலதான் இருக்கோம்."

"ஃபுல் பெஞ்ச்!" இன்னும் விறைப்பாக நின்றார். "பெரிய கேஸா இருக்கும்."

"வேலையே கிடையாதுங்க. காலையில போய் உக்காந்து, டீ குடிச்சிட்டு, சாயங்காலம் வந்துடுவோம்."

அது அவருக்குப் புதிதாகப் படவில்லை போலும், தலையாட்டினார். "ப்ராஜெக்ட் வரலேன்னா அனுப்பிடுவாங்க" என்று நான் சேர்த்த பிறகுதான் முகம் மாறியது. "ஜட்ஜை யாருங்க அனுப்புறது?"

உள்ளறையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். பெண்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். காபித் தட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்து, "அப்பா, இது வேற பெஞ்ச்" என்றாள். முதலில் அது வெறும் பலகை, நீதிபதி அதில் உட்கார்ந்ததால் அவருக்கும் அதே பெயர் வந்தது, ஆட்டத்தில் இறங்காமல் காத்திருப்பவனுக்கும் அதே பலகைதான், அங்கிருந்துதான் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றாள். இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்ததில்தான் பேங்க் என்ற சொல்லே பிறந்ததாம்.

"அப்போ இவர் பேங்குலயும் இல்லையா?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டார் மாமனார். இல்லை என்றதும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, வாய்தா போட்டுக்கலாம். வேலை உறுதியாகட்டும்."

அடுத்த மாதமே கம்பெனி எங்களை அனுப்பிவிட்டது. "ப்ராஜெக்ட் கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடு, கல்யாணத்துக்குள்ள ஏதாச்சும் வந்துடும்" என்றார் சித்தப்பா. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நீலசந்திராவுக்குத் தனியாகப் போய், அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, வேலை போய்விட்டது என்றேன்.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இத்தனை வருஷம் கோர்ட்டுல நின்னிருக்கேன். யாரும் கூப்பிடாம தானா வந்து, தனக்கு எதிராவே சாட்சி சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்." பிறகு உள்ளே திரும்பி, "யம்மா, நீ என்ன சொல்ற?" என்றார்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலை தேட முடியாதாப்பா?" என்று குரல் மட்டும் வந்தது.

ஹெப்பகோடியில் எனக்கு வேலை கிடைத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அதனால் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். நான் தலை குனிந்தேன்.

மாமனார் யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் போடாதீங்க" என்றார். "பேரு போதும்."